சிட்னியில் எனக்கு ஒரு சின்னம்மா

என் அம்மாவின் அப்பா ஸ்கொட்லாந்துக்காரர். எழுபத்தைந்து வயதுவரை இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. இலங்கை மலைநாட்டில், அம்மா பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய துரைக்குக் கீழே சின்னத்துரையாக இருந்தவர். அம்மாவைப் பெற்றவள் அங்கே கொழுந்து எடுத்தவள். அதற்குமேல் எனக்கும் விவரம் தெரியாது. அம்மாவுக்கு சாம்பல் நிறக் கண். பூனைக்கண்ணி என்றுதான் தோட்டத்தில் கூப்பிடுவார்கள். அம்மா தலை நிமிராமல் வேலைக்குப் போவாள், தலை நிமிராமல் வருவாள். நான் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. நான் கேட்குமுன்னே அவள் செத்தும் போனாள்.

தமிழ்ச் சனத்தை அடித்து விரட்டிய கலவரத்துக்குப் பிறகு நாங்கள் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினோம். பிள்ளைகள் அங்கே வளர்ந்ததால் அவர்கள் பேச்சு வேறு, என் பேச்சு வேறு. இப்போது நான் மெல்பேர்ணில், மல்கிரேவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் எல்லோரும் எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி, தங்கள் வம்சம் எந்த நாடு என்று பார்த்தார்களாம். இவளும் அனுப்பினாள். முடிவு வந்த அன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, எனக்குள்ள ஸ்கொட்லாந்துக்காரர் இருக்கினமாம்! எட்டில ஒரு பங்கு. மிசின் பிழைச்சுப் போச்சு."

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். "எனக்கு என்னா தெரியும்," என்றேன்.

பத்து நாள் கழித்து சிட்னியிலிருந்து, தானும் அப்படி எச்சில் அனுப்பிப் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண் மகளுக்கு எழுதியிருந்தாள். தன் குடும்பத்தின் வேரைப் பல வருஷமாகத் தேடுகிறாளாம். உங்கள் இரத்தம் எங்கள் இரத்தத்தோடு ஒத்துப்போகிறது, எப்படி என்று தெரியுமா என்று கேட்டிருந்தாள். தன் தாத்தா சிலோனில் தோட்டத்துரையாக இருந்தவர் என்றும் எழுதியிருந்தாள். மகள் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னபோது அரிசி பொறுக்கிய என் கை நின்றுவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, உங்களுக்குத் தெரியும். ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சொல்ற மாதிரி சங்கதியா அது?"

அன்றைக்குத்தான் சொன்னேன். மகள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. விரலை விட்டுக் கணக்குப் பார்த்தாள். அந்தத் துரை பிறகு கலியாணம் செய்து பெற்ற மகள், எழுதியவளின் தாய், இன்னும் உயிரோடு இருக்கிறாளாம். வயது எண்பத்தொன்பது.

"அப்ப அவ உங்கட அம்மாவின்ர தங்கச்சி. உங்களுக்குச் சின்னம்மா."

அந்த முறையை அவள் சொன்ன பிறகுதான் எனக்கு ஆசை வந்தது. பெரிய ஆசை இல்லை. என் அம்மாவை அந்த மனுசி ஒரு தடவை "என் அக்கா" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

சிட்னிக்குக் காரில் போனோம். கிழவி ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள். மேசை முழுக்க ஒரு தாளை விரித்து வைத்திருந்தாள் அவள் மகள். எட்டுத் தலைமுறைப் பெயர்கள். ஸ்கொட்லாந்துக்கே போய், தேவாலயப் பதிவுகளிலும் கல்லறைகளிலும் பார்த்து எழுதிவந்தவை. அவர்களுடைய முன்னோர் இருந்த, கூரை இல்லாத ஒரு கல்வீட்டின் படமும் இருந்தது. ஆடு வளர்க்க வேண்டும் என்று நிலச்சொந்தக்காரன் அந்த ஊர்ச் சனத்தை நிலத்தைவிட்டு எழுப்பி விட்டுவிட்டானாம். நான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தேன். எங்களையும் அப்படித்தான் எழுப்பினார்கள். ஆனால் அவர்களுக்கு எட்டுத் தலைமுறைக்குப் பெயர் இருக்கிறது. எங்களுக்குத் தோட்டத்துச் செக்ரோலில், கூலிக் கணக்குப் புத்தகத்தில், ஒரு நம்பர் இருந்தது.

கிழவி என்னைப் பார்த்து, "இங்க வா. ஒக்காரு," என்றாள். தமிழில்! சின்ன வயதில் தோட்டத்துப் பங்களாவில் ஆயாவிடம் கற்றதாம். ஒன்பது வயதில் கப்பலேறியும் மறக்கவில்லை.

மகளுக்கு முகம் கறுத்தது. "வேலைக்காரியோட கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா," என்று என் காதில் சொன்னாள்.

"சின்னம்மா வேற எப்புடிப் பேசுவாங்க? சும்மா இரு," என்றேன்.

அம்மாவின் ஒரே ஒரு படம் என்னிடம் உண்டு. பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட எடுத்தது. அதைக் கிழவியின் மடியில் வைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். கிழவிக்கும் கண் சாம்பல் நிறம்தான், அம்மாவின் அதே கண். நான் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். மகள் இருந்தாள், மொழிபெயர்த்திருப்பாள். வெட்கத்தில் கேட்கவில்லை. கிழவி படத்தைத் திருப்பித் தந்தாள். "கூலியாட்கள் இருந்த லயத்துப் பக்கம் எங்களைப் போக விடமாட்டார்கள்," என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாளாம். அவள் மகள், அம்மாவுக்குக் களைப்பு என்றாள். தாளில் என் அம்மாவின் பெயரைப் பென்சிலால் ஓர் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

நாங்கள் வீடு திரும்பிய பிறகு கிழவி இரண்டு தரம் போன் எடுத்தாள். மகள் போனை என்னிடம் நீட்டினாள்.

"பிடியுங்கோ அம்மா. உங்களோடதான் கதைக்கோணுமாம்."

"படுத்திருக்கேன்னு சொல்லு. நேர்ல போறப்ப பாத்துக்கலாம்."

இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். நான் படுத்திருக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்துதான் இருந்தேன். என்னத்தைப் பேசுவது, அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல் முடிந்த பிறகு என்ன செய்வது என்று பயந்தேன். என்ன சொல்ல எடுத்தாளோ. இப்போது அது யாருக்கும் தெரியாது.

அடுத்த பயணத்தில், முதலில் சிட்னிக்குக் கிட்ட இருக்கும் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயில், மறுநாள் கிழவியைப் பார்ப்பது என்று மகள் ஏற்பாடு செய்தாள். கோயிலுக்கு அரைமணித் தூரத்தில் ஒரு மோட்டலில் தங்கினோம். காலையில் குளித்து, சேலை உடுத்து, பூசைத்தட்டோடு காரில் ஏறும்போது மகளின் போனில் கிழவியின் மகளிடமிருந்து செய்தி வந்தது. நாளைக்கு வரலாமா என்று என் மகள் கேட்டதற்குப் பதில். அம்மா போன கிழமை காலமாகிவிட்டார், அடக்கம் முடிந்தது, குடும்பத்தினர் மட்டும் கூடினோம் என்று இருந்தது.

நான் காரிலிருந்து இறங்கினேன்.

"எங்க போறியள்?"

"தீட்டு. கோயிலுக்கு வரமாட்டேன். தல முழுகணும்."

"அம்மா, குடும்பத்தினர் மட்டும் எண்டு எழுதியிருக்கினம். எங்களுக்குச் சொல்லக்கூட இல்லை. நாங்கள் ஏன் துடக்குக் காக்கோணும்?"

"அவங்க சொல்லலைன்னா நமக்கு ஒறவு இல்லாமப் போயிருமா? அம்மா கூடப்பொறந்தவ. மூணு நாள் காக்கணும்."

"உங்கட அம்மா செத்தபோது அந்தப் பக்கத்தில ஆர் முழுகினது?"

ஒருவரும் முழுகவில்லை. ஒருவருக்கும் தெரியாது. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உடுத்த சேலையோடு குழாயின் கீழ் நின்றேன். அந்தக் குழாயில் எந்தப் பக்கம் திருப்பினால் சுடுநீர் என்று தெரியவில்லை. பச்சைத் தண்ணீரையே தலையில் விட்டேன். ஒப்பாரி சொல்லி அழ வேண்டும் என்று இருந்தது. அடுத்த அறையில் ஆட்கள் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பூசைத்தட்டை எங்கோ வைத்துவிட்டிருந்தாள். துவாயைத் தந்தாள்.

"நானும் முழுகோணுமோ?"

"நீ பேத்தி மொற. முழுகணும்."

அவள் தலைப் பின்னலை அவிழ்க்கத் தொடங்கினாள்.