கட்அவுட்டை டைரக்ட் பண்ணச் சொன்னது யார்

முதலில் தண்ணி

கீசர் சர்வீஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே மெஷினைப் பார்க்கிறார்கள். முதலில் அந்த வீட்டுத் தண்ணியைப் பாருங்கள். மதுரையில் அவனியாபுரம், வில்லாபுரம் பக்கமெல்லாம் போர் தண்ணி. வாளியில் பிடித்து வைத்தால் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். அதே உப்பு டேங்குக்குள் தண்ணியைச் சூடாக்கும் எலிமென்ட் மேல் சுண்ணாம்பு மாதிரி ஏறிவிடும். சூடு தண்ணிக்குப் போகாது, எலிமென்ட்டிலேயே நின்று அதைத் தின்றுவிடும். இந்தத் தண்ணிக்கு வெறும் செம்பு எலிமென்ட் தாங்காது. இன்கலாய் என்ற கலப்பு உலோகத்தில் செய்ததைப் போடுங்கள், இல்லை கண்ணாடிப் பூச்சு உள்ளதைப் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழற்றி உப்பை எடுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் ராடு இருக்கும். அது கரைந்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்துவிடுகிற சேஃப்டி வால்வின் லிவரைத் தூக்கிப் பாருங்கள், தண்ணி வர வேண்டும். வரவில்லை என்றால் அதையும் உப்பு அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இது எல்லாம் கம்பெனி கொடுக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வில்லாபுரம் வீடு

ஜெசிந்தா டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். கீசர் அடிக்கடி ஆஃப் ஆகிறது என்று கம்ப்ளெயின்ட் வந்தது. பரணுக்குப் பக்கத்தில் உயரமாக மாட்டியிருந்ததால் நானும் செல்வமும் சேர்ந்து போனோம். செல்வம் என்னோடு ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். கை சுத்தமான டெக்னீஷியன்.

கீசரில் கரண்டுக்கு இரண்டு காவல் உண்டு. போதுமான சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தும். அது கெட்டுப்போய்ச் சூடு எல்லை மீறினால், கட்அவுட் என்ற இன்னொரு ஸ்விட்ச் அடித்துக் கரண்டை வெட்டிவிடும். இந்த வீட்டில் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கரண்டை நிறுத்தவே இல்லை. கட்அவுட்தான் ஒவ்வொரு தடவையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சேஃப்டி வால்வும் அடைத்திருந்தது.

செல்வம் ஏணியில் நின்றபடியே சர்வீஸ் சென்டர் மேனேஜருக்கு போன் போட்டான். கையில் ஸ்பேனர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"சார், தெர்மோஸ்டாட் போயிருச்சு. வால்வும் அடைச்சிருக்கு. ரெண்டும் வேணும்."

"ஸ்டாக் இல்லப்பா. சென்னையில இருந்து வரணும்."

"அப்ப கரண்ட் லைனைக் கழட்டி வச்சுட்டு வாரேன் சார்."

"கழட்டிட்டு வந்தா கம்ப்ளெயின்ட்டை எப்படி க்ளோஸ் பண்றது? ஏற்கனவே உன் பேர்ல அம்புட்டு பெண்டிங் கெடக்கு. கட்அவுட்டை டைரக்ட் பண்ணி ஓட விட்டுட்டு வா. ஸ்பேர் வந்ததும் மாத்திக்கலாம்."

டைரக்ட் என்றால் கட்அவுட்டை விலக்கி, வயரை நேராகச் சேர்த்துவிடுவது. கடைசிக் காவலையும் எடுத்துவிடுவது.

"வேணாம் மாப்ள, கழட்டிட்டுப் போயிருவோம்" என்றேன்.

"போன மாசமே மெமோ குடுத்துட்டாருடா. இன்னொண்ணு குடுத்தா வீட்டுக்குத்தான் போகணும்" என்றான் செல்வம்.

வயரைச் சேர்த்தான். இறங்கி வந்து டீச்சரிடம் படித்துப் படித்துச் சொன்னான். "டீச்சர், பத்து நிமிஷம்தான். போட்டதும் நீங்களே நின்னு ஆஃப் பண்ணிருங்க. மறந்துறாதீங்க."

"சரிப்பா" என்றார். எங்கள் இருவருக்கும் காபி கொடுத்தார்.

மறுநாள் காலையில் யாரோ ஸ்விட்சைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். டீச்சர் போய்க் குழாயைத் திறந்தார். ஆவியும் கொதிதண்ணியும் சேர்ந்து பீய்ச்சி அடித்தது. கழுத்திலிருந்து வலது கை முழுக்க வெந்துபோனது.

ஆஸ்பத்திரியில்

ஆபீஸிலிருந்து யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. செல்வம் கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். டீச்சரின் வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் உயிரோட இருக்காளான்னு பாக்கவா?"

உள்ளேயிருந்து டீச்சர் கூப்பிட்டார். குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"தம்பி, நீ சொன்னதை நான் எல்லார்ட்டயும் சொன்னேம்ப்பா. வீடு நிறைய ஆளு. யார் போட்டாங்கன்னே தெரியல."

அவர் திட்டியிருந்தால் செல்வம் தாங்கியிருப்பான். அவரோ தன் மேல் தப்பு இல்லை என்று அவனிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

விசாரணை

விசாரிக்க கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். மேனேஜர் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் அப்படிச் சொல்வேனா சார்? லைனைக் கழட்டச் சொன்னேன்" என்றார் கொஞ்சமும் தயங்காமல்.

நான் பக்கத்தில் நின்று கேட்டதைச் சொன்னேன். வந்தவர் என்னைப் பார்த்து, "ரெக்கார்டிங் இருக்கா?" என்றார்.

"இல்ல சார். காதால கேட்டேன்."

"நீங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸா?"

அதோடு விசாரணை முடிந்தது. செல்வம் வேலையை இழந்தான். டீச்சர் குடும்பத்திடம் கம்பெனி சொன்னது, டெக்னீஷியன் தன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டான் என்று. நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. டீச்சரின் கையில் தோல் இழுத்துக்கொண்டதால் முழங்கையை நீட்ட முடியாமல் போனது. போர்டில் எழுத முடியவில்லை என்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டார்.

பாதுகாப்பு வகுப்பு

மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்தது. பிறகு ஒருநாள் புதுப் பையன்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்தார். சீனியர்களும் உட்கார வேண்டும் என்றார்கள். திரையில் வெந்துபோன ஒரு கையின் படத்தைப் போட்டார்.

"இது நம்ம மதுரையில நடந்தது. பொறுப்பில்லாத ஒரு டெக்னீஷியன் கட்அவுட்டை டைரக்ட் பண்ணிட்டான். ஒரு குடும்பமே கஷ்டப்பட்டுச்சு."

பையன்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"அந்த டெக்னீஷியன் பேரு செல்வம் சார். டைரக்ட் பண்ணச் சொன்னது நீங்க. ஸ்பீக்கர்ல நானும் கேட்டேன்."

மேனேஜர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். "டீ பிரேக் விட்ருவோம்" என்றார். பிரேக் முடிந்து அடுத்த படத்திலிருந்து தொடர்ந்தார். எனக்கு அந்த மாதமே அழகர்கோவில் ரோட்டைத் தாண்டி, ஆளே போகாத ரூட்டைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் நானே விலகி, தனியாகச் சர்வீஸ் பண்ண ஆரம்பித்தேன்.

செல்வம் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வகுப்பில் நடந்ததை அவனிடம் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது மாப்ள. ஆளு ஏறிருச்சு, போறேன்" என்று வண்டியைக் கிளப்பினான்.

தம்பிகளே, கட்அவுட் அடித்தால் காரணத்தைத் தேடுங்கள். ஸ்பேர் இல்லை என்றால் லைனைக் கழற்றிவிட்டு வாருங்கள். டைரக்ட் பண்ணு என்று போனில் யார் சொன்னாலும், "நீங்க வந்து பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஏணியை விட்டு இறங்குங்கள். அதனால் வேலை போகலாம். சொன்னபடி செய்தாலும் ஒருநாள் வேலை போகும், அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போவது நீங்கள் மட்டும்தான்.