பொய்லரை நிறுத்திவிட்டுப் போன நத்தார்

2003 நத்தார், அதாவது கிறிஸ்மஸ் விடுமுறை. ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட் பக்கம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடொன்றை வாங்கி எங்களுக்கு அதுதான் முதல் குளிர்காலம். லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு கிழமை புறப்பட்டோம். பயணம் என்றால் வீட்டில் எதுவும் எரியக்கூடாது என் கணவருக்கு. ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்தவர், கடைசியில் நிலவறைக்கு இறங்கி, வீட்டைச் சூடாக்கும் பொய்லரையும் நிறுத்திவிட்டு வந்தார்.

"ஆளில்லாத வீட்டுக்கு ஏனப்பா சூடு?" என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

திரும்பி வந்த அன்று மத்தியானம் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். நிலவறை ஜன்னல் உடைந்து கிடந்தது. பனியெல்லாம் கண்ணாடித் துண்டுகள். பக்கத்தில் இரத்தம்! ஐயோ, அலுமாரியில் வைத்த நகையெல்லாம் போச்சு என்று உள்ளே ஓடப் பார்த்தேன்.

"உள்ளுக்கை போகாதையும், பொலிசுக்கு போன் அடிப்பம்" என்று கணவர் என்னை இழுத்தார்.

அந்நேரம் பக்கத்து வீட்டு நோர்வேஜிய அம்மா வெளியே வந்தார். அறுபதைத் தாண்டியவர், தனி ஆள். ஒரு கையில் மின்சார ஹீட்டர். மற்றக் கையில் சுற்றிய துவாயில் இரத்தம் ஊறியிருந்தது. ஜன்னலை உடைத்தது தான்தான் என்றார்.

"உங்களுக்கென்ன விசரே, பைத்தியமே பிடிச்சது?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. சற்று முன் சுவருக்குள் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டதாம். எங்கள் தொலைபேசி எண் அவரிடம் இல்லை. ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கி, வீட்டுக்குத் தண்ணீர் வரும் பெரிய குழாயைப் பூட்டியிருக்கிறார். மற்றக் குழாய்கள் வெடிக்காமலிருக்க ஹீட்டர் எடுக்கத் தன் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

உள்ளே ஓடினோம். குளிரில் உறைந்த குழாயொன்று பிளந்து, சமைக்கும் குசினித் தரை முழுக்கத் தண்ணீர். பூட்டாமல் விட்டிருந்தால் வாங்கிய வீடே ஊறிப் போயிருக்கும்! குளிர்காலத்தில் பொய்லரைக் குறைத்து வைக்கலாம், நிறுத்தவே கூடாது என்று அவர் சொல்ல, என் கணவர் அவர் கையிலிருந்த ஹீட்டரை வாங்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார்.

கையில் தையல் போட அவரைக் காரில் ஏற்றினோம். வழியில் என் பக்கம் திரும்பி, "ஜன்னலை உடைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. கத்திய நான் கேட்க வேண்டிய மன்னிப்பை, கையை வெட்டிக்கொண்டவர் என்னிடம் கேட்டாரே!