செலின் டீச்சர் விற்காத வண்டி

செய்தி வந்தபோது நான் ரங்கூனில் க்யிம்யிண்டைங் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து செலின் டீச்சரின் மகள் ரோஸ் பேசினாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். அடுத்த மாதம் ரங்கூன் வருவதற்கு டீச்சர் டிக்கெட் எடுத்திருந்தது எனக்குத் தெரியும். அதனால், "அதுக்குள்ளயா? எந்த பிளேன்ல வர்றா?" என்று கேட்டேன். அந்தப் பெண் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அங்கே பனி விழத் தொடங்கியிருந்தது. காலையில் எழுப்பப் போயிருக்கிறாள். டீச்சர் எழவில்லை.

அவரிடம் கணக்குப் படித்தவர்கள், அவரோடு ஆலயத்தில் பாடியவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். நீங்கள் அறிந்த டீச்சர் கண்டிப்பானவர். அதே பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்த நான் அறிந்தவர் வேறு. வகுப்பு முடிந்ததும் கைச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, இங்கே பெண்களும் உடுத்தும் லுங்கியைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு காரின் எஞ்சின் மூடியைத் திறப்பவர்.

அவருடைய கணவர் பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்றவர். அவர் காலமானபோது கொட்டகையில் மூன்று வண்டிகள் மிஞ்சின. துக்கம் கேட்க வந்தவர்களிடம் டீச்சர் சொன்னார்: "விக்க முடியாம அவரு விட்டுட்டுப் போனது நாலு. மூணு காரு, அப்புறம் நானு." சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எல்லோரும் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்று பழைய ராணுவ ஜீப்; ஸ்டீரிங் இடப்பக்கம். இன்னொன்று கல்யாணங்களுக்கு இரவல் போகும் வெள்ளைக் கார். மூன்றாவது ஜப்பானிலிருந்து வந்த சின்ன பிக்கப்; கதவை உதைத்தால்தான் மூடும். அதற்கு ஸ்டீரிங் வலப்பக்கம். நம் ஊரில் வண்டி ஓடுவதும் சாலையின் வலப்பக்கம். முன்னால் லாரி போனால் எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது. வகுப்பில் உயரமான பிள்ளை கரும்பலகையை மறைத்தால் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு எழுதுவோமே, அப்படித்தான். இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து "யாதே" என்று சொல்ல வேண்டும். பர்மியர் சரி என்பதற்குச் சொல்லும் சொல். கணவருக்குப் பிறகு அந்த இருக்கை எனக்கு வந்தது.

கியாக்தான் போகும் வழியில் ஒருமுறை ஒரு மூங்கில் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டோம். நான் சொல்லவே இல்லை.

"ஏன்டி கமலா, உசுரோட இருக்கியா?"

"எதிர்ல பஸ் வருது."

"அந்த பஸ் பெகுவிலேருந்து கிளம்பறப்பவே உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

ஆனாலும் அவர் லாரியை முந்தவில்லை. நான் சொல்லும்வரை காத்திருந்தார்.

மகளிடம் போகக் கனடா விசா வந்தபோது வீட்டை வாடகைக்கு விட வேண்டியதாயிற்று. குடிவருபவர்களுக்குப் போகக் கொட்டகையில் ஒரு வண்டி நிற்க மட்டும் இடம். வெயில் காலத்தில் பேரப்பிள்ளையோடு அங்கே, பனிக் காலத்தில் இங்கே என்பது டீச்சரின் திட்டம். முதலில் ஜீப்பைக் கப்பலில் கொண்டுபோக முடியுமா என்றுதான் ரோஸிடம் கேட்டார். பனி உருகுவதற்காக அங்கே சாலையில் உப்புப் போடுவார்கள், பழைய வண்டி அடியிலிருந்து துருப்பிடித்துப் போகும் என்றாள் ரோஸ். கடுங்குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க வண்டிக்கு மின்சாரம் கொடுப்பார்கள் என்றும் சொன்னாள். டீச்சர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரோட்டுக்கு உப்பாம், காருக்குக் கரண்டாம். இங்க நமக்கு ஃபேன் சுத்தவே கரண்ட் இல்ல!"

பிறகு எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி. பக்கத்து வீட்டு கோ ராஜு, "ஜீப்பை வையுங்க சயாமா, என்னைக்கும் விலை இருக்கு" என்றார். சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர். ஆலயத்தில் வெள்ளைக் காருக்காகப் பரிந்து பேசினார்கள். டீச்சர் இரண்டையும் விற்றார். ஜீப் தெருமுனை திரும்பும்போது பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டார். நான் போனபோது சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "போயும் போயும் அந்தத் தகர டப்பாவையா வச்சுக்கிட்டே?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஜீப் இருந்தா நான் பாட்டுக்குத் தனியா போயிருவேன்டி. இதுல தனியாப் போக முடியாது. நான் வர்ற வரைக்கும் நீ செத்துகித்துப் போயிடாதே."

நான் சாகவில்லை, செலின். நீ சொன்னபடி இருந்தேன்.

கடைசியாகப் பேசியபோது ஜன்னலில் போனைப் பிடித்துப் பனியைக் காட்டினார். அழகாக இருக்கிறது என்றேன். "பாக்க அழகுதான். வாசல்ல இறங்கப் பயமா இருக்கு. வந்துடறேன்" என்றார். அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஒரு பிடி மண் போட நான் அருகில் இல்லை. இதை எழுதும்போது கூட அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிக்கப்பை விற்றுவிடச் சொல்கிறாள் ரோஸ். அவள் சொல்வது நியாயம்தான். எனக்கு ஓட்டத் தெரியாது, நின்றே கெட்டுப்போகும். யாராவது ஓட்டட்டும். ஆனால் மூன்றில் எதை வைத்துக்கொள்வது என்று யோசித்த வேளையில், விலையையும் அழகையும் தள்ளிவிட்டு அவர் வைத்துக்கொண்டது என்னை. வண்டி போகட்டும். இது என்னிடம் இருக்கும்.