என்னைக் காப்பாற்றியது டாக்டரின் பயம்

மருத்துவர்கள் மீதான நுகர்வோர் கோர்ட்டுத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு, உத்திரமேரூரில் எங்கள் டாக்டரிடமே ஒப்பிப்பது என் பொழுதுபோக்காக இருந்தது.

சென்ற மாதம் மாகறலில் கல்யாணச் சாப்பாடு முடித்து வந்ததும் நெஞ்சைப் பிசைந்தது. கிளினிக்குக்குப் போய், "வாய்வுதான் டாக்டர், ஒரு ஊசி போதும்" என்று நானே தீர்ப்பு சொன்னேன்.

"அத்தினி வடை துன்னா பிசையாம இன்னா பண்ணும்?" என்றாள் கூட வந்த மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. "எனக்கும் வாய்வுன்னுதான் தோணுது. வேற ஆளா இருந்தா மாத்திரை குடுத்து அனுப்பிடுவேன். நீங்க கோர்ட்டுக்குப் போற ஆளு சார். ஈசிஜி எடுத்துடறேன். உங்களுக்காக இல்ல, எனக்காக."

"உங்க பயத்துக்கு நான் செலவு பண்ணணுமா?" என்று முனகிக்கொண்டே படுத்தேன்.

ஈசிஜியில் தெரிந்தது மாரடைப்பு. அங்கேயே மாத்திரைகளை விழுங்கவைத்து, ஆம்புலன்ஸில் தானும் ஏறி, காஞ்சிபுரம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது எந்தக் கோர்ட்டுக்கும் பயந்து செய்ததல்ல.

இப்போது நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் அவர் ஈசிஜி எடுக்கிறார். செலவை நினைத்து வாசலில் முனகுகிறவர்களிடம், அவர் கேட்காமலேயே, நான் அவருக்காக வாதாடுகிறேன்.