நாற்பத்தாறாம் எண் மேஜை

பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். "லைன்ல இருங்க, பாத்து சொல்றேன்" என்று அவர் சொன்னால், பதறிக்கொண்டு கூப்பிட்டவருக்கும் பாதி பதற்றம் அடங்கிவிடும். ஓய்வு பெற்ற பிறகும் டாக்டர்கள் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் ஆபரேட்டர் அம்மாதான்.

கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது அவ்வளவு அன்பாக வைத்தது இல்லை. வண்டி ஓட்டும் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் டெஸ்ட் எடுக்கிற அதிகாரி அவர். பத்துப் பேர் வந்தால் இரண்டு பேர் பாஸாவார்கள். மற்ற எட்டுப் பேர் வைத்த பெயர் 'சிவப்புப் பேனா'. லஞ்சம் வாங்க மாட்டார். அடுத்தவர் வாங்கிக் கொடுத்தால் டீ கூடக் குடிக்க மாட்டார். "என் கையால பாஸான ஒருத்தன்கூட இதுவரைக்கும் ஆக்சிடென்ட் பண்ணினதில்ல" என்று மார் தட்டிக்கொள்வார். "பாஸானவன் இருந்தாத்தானே சார்" என்று பக்கத்து மேஜைக்காரர் முணுமுணுப்பார்.

ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் பேனாவைக் கீழே வைக்கத் தெரியவில்லை. அடுப்பை எந்த அளவில் எரியவிடுவது, துண்டை எப்படி மடிப்பது என்று எல்லாவற்றிலும் மனைவிக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்த மகள் போனில் இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், நாற்பத்தொரு நாள் கப்பல் பயணத்துக்கு இரண்டு பேருக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

"ஒரே வீட்டுக்குள்ள ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கீங்க. போய் கடலப் பாருங்க" என்றாள்.

கப்பலில் அவர்களுக்குக் கிடைத்த அறை வீட்டுச் சமையலறையைவிடச் சின்னது. ஜன்னல் இருந்தது, திறக்காது. குளியலறையில் தலை துவட்டினால் முழங்கை கதவில் இடித்தது. கடலைப் பார்ப்பதற்கு முன் மறுபடியும் ஒருவர் முகத்தை ஒருவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் சிவப்புப் பேனா நான்கு குறைகளை எழுதி வரவேற்பு மேஜையில் கொடுத்துவிட்டு வந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு நிரந்தர இடம் ஒதுக்கியிருந்தார்கள். தினமும் ஏழரை மணி, அதே மேஜை, அதே நாற்காலி. இவர்களுக்கு நாற்பத்தாறாம் எண். எதிரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியும் அவள் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்மணி சொந்தமாகக் கேக் கடை வைத்திருப்பவள். கணவருக்குக் காது சரியாகக் கேட்காது. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கேக் கடைக்காரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்தீங்கல்ல?"

சிவப்புப் பேனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா. உங்களுக்கு நான்தான் டெஸ்ட் எடுத்தேனா?"

"அஞ்சு தடவ."

"அப்புறம் பாஸாயிட்டீங்களா?"

"ஆறாவது தடவ. நீங்க லீவுல இருந்த அன்னிக்கு."

"யாரு இவரு?" என்று அவள் கணவர் கேட்டார்.

"இவருதாங்க அவரு!" என்று அவர் காதருகே கத்தினாள். "என்ன அஞ்சு தடவ ஃபெயிலாக்கினாரே!"

"ஓ, அந்த ஆளா?" என்றார் அவர். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரல். ஆறு மேஜைகள் திரும்பிப் பார்த்தன.

சிவப்புப் பேனா தண்ணீர் குடித்துவிட்டு, "எனக்கு ஞாபகம் இல்லம்மா. தெனம் நாப்பது பேர் வருவாங்க" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை விஷயம் அன்றோடு போயிருக்கும்.

"எனக்கு ஞாபகம் இருக்கு சார். மொத தடவ கண்ணாடியப் பாக்கலன்னீங்க. ரெண்டாந்தடவ கண்ணாடியவே பாத்துக்கிட்டு ஓட்டினேன்னீங்க. மூணாந்தடவ ஒண்ணுமே சொல்லாம சிவப்புல ஒரு கோடு போட்டுட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டீங்க. கேக்கு எடுத்துக்கிட்டுப் போறதுக்கு நான் வச்ச டிரைவர் எத்தன கேக்கு மூஞ்சிய நசுக்கிக் கொண்டுபோய்க் குடுத்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

மறுநாள் காலையில் சிவப்புப் பேனா சாப்பாட்டுக் கூடத்து மேற்பார்வையாளரிடம் வேறு மேஜை கேட்டார். கப்பல் நிரம்பி வழிகிறது, ஓர் இடமும் இல்லை என்று அவர் பணிவாகக் கைவிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரிச் சாப்பாடும் ஒரு சண்டையாகத்தான் நடந்தது. உப்பைக் கேட்டால், "கையக் காட்டிட்டுக் கேளுங்க சார், சிக்னல் போடாம கேட்டா எப்படி?" என்பாள். அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்தால், "பின்னாடி பாத்தீங்களா?" என்பாள். அவர் பதிலுக்கு, அவள் கத்தியைப் பிடிக்கிற அழகைப் பார்த்தாலே அன்றைக்கு ஏன் ஃபெயில் போட்டேன் என்று புரிகிறது என்றார். ஆபரேட்டர் அம்மா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சாப்பிட்டு முடிப்பார்.

ஒன்பதாம் நாள் கேக் கடைக்காரி அவர் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க வண்டி ஓட்டுவீங்கல்ல? இவரு வீட்டுக்காரம்மாவுக்குக் கெடைக்காத லைசென்ஸா?"

"நானும் மூணு தடவ ஃபெயில்."

"யாரு எடுத்தது டெஸ்ட்?"

"இவருதான்."

சிவப்புப் பேனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொந்தப் பொண்டாட்டின்னு நான் சலுகை காட்டல. ஆபீசுக்கே தெரியும்" என்றார்.

"எதுக்குக்கா ஃபெயில் போட்டாரு?"

"மேட்டுல நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால உருண்டுச்சுன்னாரு."

"உருண்டுச்சா?"

ஆபரேட்டர் அம்மா கரண்டியைத் தட்டில் வைத்தார். "எனக்கு உருண்ட மாதிரி தெரியல" என்றார். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த டெஸ்ட் நடந்து இருபத்தாறு வருடமாகிறது. கார் வீட்டுக் கொட்டகையில் உறை போட்டு நிற்கும். கணவர் ஆபீஸ் ஜீப்பில் போய்விடுவார். ஆபரேட்டர் அம்மா இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போவார். இழுப்பு வந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றிருக்கிறார். தாயார் கடைசி மூச்சு விட்ட நேரத்தில் அவர் இருந்தது பஸ் ஸ்டாப்பில். இத்தனையிலும் அவர் கணவரைக் குறை சொன்னதில்லை. யாராவது கேட்டால், "எனக்கு அந்தக் கை வராதுங்க, மூணு தடவ பாத்தாச்சு" என்று தன்னையே குறைவாகச் சொல்லிச் சிரிப்பார்.

மறுநாள் கடல் கொஞ்சம் முரண்டுபிடித்தது. மேல்தளத்துக்கு யாரும் வர வேண்டாம் என்று அறிவித்திருந்தார்கள். காலைக் காபி முடிந்து இரண்டு பேரும் அறையில் இருந்தார்கள். அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபரேட்டர் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு வண்டி உருண்டுச்சாங்க?"

"இருபத்தாறு வருஷக் கதைய இப்ப எதுக்குக் கிளறுற? அந்தப் பொம்பள உன்ன ஏத்திவிடுறா."

"அவங்கள ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க, சரி. என்னையுமா ஞாபகம் இல்ல?"

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"உருளல" என்றார் சிவப்புப் பேனா.

"ரெண்டாந்தடவ? திருப்பத்துல வேகத்தக் கொறைக்கலன்னீங்களே."

"கொறைச்ச."

"மூணாந்தடவ?"

"நீ நல்லாத்தான் ஓட்டின. மூணு தடவையும் நல்லாத்தான் ஓட்டின, போதுமா? உனக்குப் பாஸ் போட்டிருந்தா ஆபீஸ்ல ஒவ்வொருத்தனும் என்ன பேசியிருப்பான்? ஊருக்கெல்லாம் சிவப்பு, வீட்டுக்கு மட்டும் பச்சையான்னு கேட்டிருப்பான். என் பேரு என்ன ஆகியிருக்கும்?"

"வேற ஆள எடுக்கச் சொல்லியிருக்கலாமே."

"அவனுங்க காசு வாங்கறவனுங்க. அவனுங்க கையால என் பொண்டாட்டி பாஸாகறதா?"

ஆபரேட்டர் அம்மா கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஆடுகிற நடைபாதையில் கடைசி வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்.

அன்று ராத்திரி நாற்பத்தாறாம் எண் மேஜையில், ஆஸ்பத்திரியில் தகவல் சொல்கிற அதே குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கேக் கடைக்காரியின் கணவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. சிவப்புப் பேனா சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு அவர் அந்த மேஜைக்கு வரவில்லை. மேல்தளத்தில், தட்டை ஏந்திக்கொண்டு தானே எடுத்துச் சாப்பிடுகிற கூடத்தில், ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். கப்பலில் விஷயம் பரவாமல் இருக்குமா? லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் அவரைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "நேர்மைன்னா இப்படித்தான் சார் இருக்கணும்" என்றார். சிவப்புப் பேனா கையை உதறிக்கொண்டு, "உங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க" என்று எரிந்து விழுந்தார். அவருடைய கட்சிக்காரர் அந்தக் கப்பலில் அந்த ஒருவர்தான். அவரும் போய்விட்டார்.

அறையில் ஒட்டிக் கிடந்த இரண்டு கட்டில்களையும் பணியாளிடம் சொல்லிப் பிரித்துப் போடவைத்தார் ஆபரேட்டர் அம்மா. நடுவில் ஒரு சின்ன மேஜை. மாத்திரை டப்பாவை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைப்பார். பேச்சு கிடையாது.

கேக் கடைக்காரிக்கு இது கொண்டாட்டமாக இருந்தது. மேல்தளத்தில், கடையில், நீச்சல் குளத்தருகில், யார் கிடைத்தாலும் ஆபரேட்டர் அம்மாவை இழுத்துப் பிடித்து நிறுத்தி, "இந்த அக்காவுக்கு நடந்ததக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் கதையில் கொஞ்சம் காரம் ஏறும். முப்பதாம் நாள் தோய்த்த துணி வாங்கப் போன இடத்தில் நான்கு பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"போதும்மா" என்றார் ஆபரேட்டர் அம்மா. "அது என் கதை. ஒனக்கு அஞ்சு தடவ நடந்தது இருக்குல்ல, அதச் சொல்லிக்க."

"ஒங்களுக்காகத்தானேக்கா நான் பேசுறேன்."

"என்னைய வச்சு ஒருத்தர் தன் பேரக் காப்பாத்திக்கிட்டாரு. அதுவே தாங்கல."

கேக் கடைக்காரிக்கு முகம் சுண்டிப்போனது. மிச்சப் பதினோரு நாளும் அந்த மேஜையில் சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. காது கேட்காதவர் மட்டும் வந்த சாப்பாட்டை எல்லாம் நன்றாகச் சாப்பிட்டார்.

கரையேறுவதற்கு மூன்று நாள் முன்னால், மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் இருந்த மனைவியிடம் சிவப்புப் பேனா வந்து நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துத்தான் பேசினார்.

"இப்ப நான் என்ன செய்யணுங்கற? கால்ல விழணுமா?"

"வேண்டாம். ஆபீசுக்கு எழுதிக் குடுங்க. இன்னின்ன தேதியில இன்னாருக்குப் போட்ட ஃபெயில் தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"பைத்தியமா உனக்கு? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

ஊர் வந்த இரண்டாம் வாரம் அவர் எழுதினார். ஒரு பக்கக் கடிதம், தேதிகளோடு. 'என் பணிக்காலத்தில் நேர்ந்த ஒரு சிறு பிழை' என்று ஆரம்பித்திருந்தது. ஆபரேட்டர் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பக்கத்திலிருந்த பேனாவை எடுத்து 'சிறு' என்பதை அடித்தார். 'நேர்ந்த' என்பதையும் அடித்து, மேலே 'தெரிந்தே செய்த' என்று எழுதினார். 'பிழை'யை விட்டுவைத்தார். அவர் முகம் கறுத்தது. இருந்தாலும் திருத்தியபடியே மறுபடி எழுதினார்.

அலுவலகத்தில் இப்போது தலைமை இடத்தில் இருப்பவர், ஒருகாலத்தில் அவரிடம் திட்டு வாங்கி வேலை பழகியவர். கடிதத்தைப் படித்துவிட்டு, "சார், பத்து வருஷத்துக்கு மேலான ஃபைலையெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு. இத நான் எதுல சேர்க்கிறது?" என்றார். சிரிப்பை அடக்க அவர் படுகிற பாடு தெரிந்தது. சிவப்புப் பேனா இன்னும் இரண்டு முறை போனார். பிறகு பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒன்றரை மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: தங்கள் கடிதத்தின் மீது நடவடிக்கை எடுக்க இயலாது.

அதை மனைவியிடம் நீட்டினார். "பாத்துக்கிட்டியா? நான் செய்ய வேண்டியதச் செஞ்சுட்டேன்."

ஆபரேட்டர் அம்மா படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "செஞ்சுட்டீங்க" என்றார். அவ்வளவுதான். மன்னித்துவிட்டீர்களா என்று மகள் போனில் கேட்டாள். "அவர் எழுதினதப் படிச்சேன். மன்னிக்கணும்னு தோணல" என்று சொல்லிவிட்டு, பேரனிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். இப்போதாவது லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றும் மகள் சொல்லிப்பார்த்தாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, யார் மேலாவது ஏற்றிவைக்கவா என்று கேட்டார்.

ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சமையல் நடக்கிறது, மாத்திரை நேரத்துக்குப் போகிறது. துண்டு எப்படி மடிந்திருந்தாலும் இப்போது அவர் வாய் திறப்பதில்லை. வாரத்துக்கு ஒருநாள் ஆபரேட்டர் அம்மா பழைய ஆஸ்பத்திரித் தோழிகளைப் பார்க்கக் கிளம்புவார். கணவர் காரை வெளியே எடுத்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "நானும் அந்தப் பக்கந்தான் போறேன். ஏறிக்கறியா?" என்பார்.

"நீங்க போங்க. பத்தேகாலுக்கு பஸ் இருக்கு" என்பார் அவர்.