கோல்போஸ்ட் முனியாண்டி

எங்கள் கல்லூரி மைதானத்துக்கு மூன்று பிறவி. வெள்ளைக்காரன் காலத்தில் மரத்தாலான கேலரி. அதைக் கரையான் தின்று தீர்த்தபின் தகரக்கூரை. இப்போது தகரத்தையும் பிடுங்கிவிட்டுக் கான்கிரீட்டில் ஸ்டேடியம் எழுப்புகிறார்கள். மழை பெய்தால் பந்து நீந்தும், ஆட்டக்காரன் முங்குவான், கூரை ஒழுகி நாங்களும் நனைவோம். அந்தத் தகரத்துக்காக அழ என்னிடம் கண்ணீர் கிடையாது.

தெற்குக் கோலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நின்றது. ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைத் தமிழர்கள் சும்மா விடுவோமா? மஞ்சள் பூசி, முனியாண்டி என்று பேரும் வைத்துவிட்டோம். பர்மியப் பையன்களோ தங்கள் காவல் தெய்வமான நாட் என்று நினைத்துத் தேங்காயும் வாழைப்பழமும் வைத்தார்கள். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் கும்பிடுவோம். பிறகு எல்லோரும் சேர்ந்து தோற்போம். இத்தனை சுருட்டுப் பிடித்த சாமி ஒரு பெனால்டியாவது வாங்கித் தரக் கூடாதா?

என் மனைவி மட்டும் அதனிடம் கோல் கேட்கவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் எங்களுக்குப் பிள்ளையில்லை. என் வீட்டார் அவள் காதுபடவே 'மலடி' என்றார்கள். அவள் வெள்ளி தவறாமல் போய் விளக்கேற்றினாள். மகள் பிறந்த பிறகும் நிறுத்தவில்லை.

போன மாதம் புல்டோசர் அந்தக் கல்லைப் பெயர்த்தது. அடியில் துருப்பிடித்த இரும்புக் குழாய்! மேஸ்திரி வயிறு குலுங்கச் சிரித்தார். முன்பெல்லாம் கோல் அங்கேதான் இருந்ததாம். நாங்கள் கும்பிட்டது பழைய கோல்போஸ்ட்டின் சிமெண்ட் அடிக்கட்டையாம். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

சொன்னேன். மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்போ நான் கோல்போஸ்ட் குடுத்த பிள்ளையா?"

மனைவி ஒரு சைக்கா ரிக்‌ஷாவைப் பிடித்து நேரே மைதானத்துக்குப் போனாள். மேஸ்திரியைப் பர்மியத்தில் வாங்கு வாங்கென்று வாங்கி, குப்பையில் கிடந்ததை அவர் ஆட்களை வைத்தே வண்டியில் ஏற்றி வந்து, வீட்டு வாசலில் இறக்கினாள். உடனே குளிப்பாட்டவும் தொடங்கிவிட்டாள்.

"அட, வெறும் சிமெண்டும்மா அது," என்றேன்.

"இருக்கட்டுமே. அன்னைக்கு நான் அழுதப்போ உங்க வீட்ல ரத்தமும் சதையுமா அத்தனை பேர் இருந்தீங்க, நீங்களுந்தான். இது ஒண்ணுதான் உக்காந்து கேட்டுச்சு."