எதிர் குவார்ட்டர்ஸ் புது கார்

எதிர் குவார்ட்டர்ஸ் மாலதி புது கார் வாங்கியதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். சாவியைப் போட்டுத் திருக வேண்டாம், அது கையில் இருந்தாலே பட்டனை அழுத்தினால் போதும். உள்ளே டிவி மாதிரி திரை வேறு. எங்களுடையதோ கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் பழைய கார். "இதை வித்துத் தொலைங்க" என்று கணவரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் அவர் நிலக்கரி மைன்ஸில் ஷிப்டில் இருந்தபோது, தோட்டத்தில் விளையாடிய என் மகளைக் குளவி கொட்டிவிட்டது. சில நிமிடங்களில் முகம் வீங்கி, மூச்சு வாங்கியது. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். எங்கள் வண்டியும் வாசலில்தான் நின்றது. ஆனால் மாலதியின் காரைப் பார்த்துப் பார்த்து ஏங்கிய மனசு, அதில் போனால்தான் சீக்கிரம் என்றது. மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினேன்.

பூட்டாமல் நின்ற காரில் மாலதி உடனே ஏறிப் பட்டனை அழுத்தினாள். கையில் சாவி இருந்தும், திரையில் சாவி இல்லை என்றே வந்தது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள்.

"சாவியில பேட்டரி தீந்துபோச்சு போலக்கா! உங்க வண்டிய எடுங்க, நான் பாப்பாவப் புடிச்சிக்கினு வரேன்" என்று பதறினாள்.

எங்கள் காரில் சாவியைத் திருகியதும் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர், "இன்னும் லேட்டாயிருந்தா கஷ்டம்மா" என்றார். நான் வீணாக்கிய நிமிடங்களை நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது காரை விற்கச் சொல்வதில்லை. வாரம் ஒருமுறை பக்கத்து ஊரான வடலூர் வரை நானே ஓட்டிப் பழகுகிறேன். மாலதியின் கார் சத்தமில்லாமல் கடந்து போகும்போது பொறாமை இன்னமும் வரத்தான் செய்கிறது. ஆனால் அவசரம் என்றால் என் கால் எதிர்வீட்டுக்கு ஓடாது.